அச்சுக்கு வண்ணம் அமைத்தல் (கெடா)

கணினியிலோ கைப்பேசியிலோ வரைந்த படத்தின் நிறங்களை, அச்சு மையால் தர முடிந்த நிறங்களாக முன்கூட்டியே சீர்செய்யும் வேலை அச்சுக்கு வண்ணம் அமைத்தல் எனப்படும். மலேசியாவின் கெடா மாநிலத்தில் சுங்கை பட்டாணி, பீடோங், கூலிம், லூனாஸ், பாடாங் செராய் வட்டாரத் தமிழரிடையே இத்தேவை தோட்டக் கோயில் திருவிழா நோட்டீஸ், கல்யாணப் பத்திரிகை, தமிழ்ப்பள்ளி மலர் ஆகியவற்றை ஒட்டி எழுகிறது. சுங்கை பட்டாணி சுப்பிரமணிய சுவாமி தேவஸ்தானத்தின் சித்ரா பௌர்ணமி போன்ற பெருவிழாக்களுக்குப் பெரிய பதாகைகளும் வேண்டும். சிறு தோட்டத்து மாரியம்மன் கோயிலுக்கோ சில நூறு நோட்டீஸ் போதும். தொகை சிறிதாக இருக்கும் இடத்தில்தான் நிறக் கவனம் அதிகம் வேண்டும். தவறாக அச்சான கட்டை மறுபடி அடிக்கக் கோயில் குழுவிடம் பணம் இருப்பதில்லை.

படத்தை நிறம் நிறமாகப் பிரித்து ஒன்றன்மேல் ஒன்றாக அச்சிடும் எண்ணம் பழையது. பிராங்க்ஃபர்ட்டில் 1667-இல் பிறந்த யாக்கோப் கிறிஸ்தோஃப் லெ பிளோன், நீலம், மஞ்சள், சிவப்பு என்ற மூன்று செப்புத் தகடுகளைக் கொண்டே பலநிறப் படம் அச்சிட்டுக் காட்டினார். 1719-இல் இங்கிலாந்து மன்னர் முதலாம் ஜார்ஜ் அதற்குத் தனியுரிமை அளித்தார். லெ பிளோன் எழுதிய ‘கொலொரிட்டோ’ என்ற சிறுநூல், ஒளி கலக்கும் விதமும் சாயம் கலக்கும் விதமும் வேறு என்பதை அப்போதே எடுத்துரைத்தது. இன்று திரைக்கும் தாளுக்கும் இடையே நடக்கும் வழக்கின் வேர் அதுவே. அவருடைய லண்டன் நிறுவனம் செலவைத் தாங்க முடியாமல் நொடித்துப்போனது.

பிறகு கல்லச்சு வந்தது. பவேரியாவின் அலாய்ஸ் செனஃபெல்டர் 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில் கண்ட இம்முறையைப் பலநிற அச்சுக்கு விரித்து, 1837-இல் கோட்ஃப்ரூவா எங்கெல்மான் பிரான்சில் காப்புரிமை பெற்றார். ராஜா ரவிவர்மா 1894-இல் பம்பாயில் தொடங்கிய அச்சகம் இம்முறையில்தான் லட்சுமியையும் சரஸ்வதியையும் வீடுதோறும் கொண்டு சேர்த்தது. ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு கல். ஒரே படத்துக்குக் கல் பல. எந்த நிறம் எந்தக் கல்லில் எவ்வளவு என்று முடிவு செய்தவை கைதேர்ந்த தொழிலாளியின் கண்களே. அடுத்த தலைமுறையில், சென்னை ஓவியப் பள்ளியில் பயின்று கோவில்பட்டியில் தங்கிய சி. கொண்டைய ராஜுவும் (1898–1976) அவருடைய மாணவர்களும் வரைந்த தெய்வப் படங்கள் சிவகாசி நாட்காட்டிகளில் பரவின. அத்தகைய நாட்காட்டிகள் கப்பலேறி மலாயாத் தோட்டங்களுக்கும் வந்து, லயத்து வீட்டுச் சாமி மாடங்களில் இடம்பிடித்தன. முருகனுக்கும் அம்மனுக்கும் இவைதாம் நிறங்கள் என்று தோட்டத் தமிழர் மனத்தில் பதிந்தவை, பெரும்பாலும் மையால் அச்சிட முடிந்த நிறங்களே. பிசகு கணினித் திரை வந்தபின் நுழைந்தது.

திரை சிவப்பு, பச்சை, நீல ஒளியைக் கூட்டி நிறம் காட்டுகிறது, இது ஆர்ஜிபி. அச்சில் சியான், மஜெந்தா, மஞ்சள், கருப்பு ஆகிய நான்கு மைகள் வெள்ளைத் தாளின் ஒளியைக் குறைத்து நிறம் தருகின்றன, இது சிஎம்ஒய்கே. முன்னதில் உள்ள பளிச்சென்ற நிறங்கள் பல பின்னதில் இல்லை. குங்குமமும் மஞ்சளும் தொல்லை தருவதில்லை: மஜெந்தா 100, மஞ்சள் 100 (எண்கள் விழுக்காட்டில்) சேர்ந்தால் நல்ல சிவப்பு, மஞ்சள் 100-உடன் மஜெந்தா 20 சேர்ந்தால் மங்கல மஞ்சள். ஏமாற்றுபவை மயில் நீலமும் கிளிப்பச்சையும். திரையின் தூய நீலத்தை அப்படியே மாற்றினால் தாளில் ஊதாவாக விழும். சியானை 100-இல் வைத்து மஜெந்தாவை 60-ஐத் தாண்டவிடாமல் பிடித்தால் நீலம் நீலமாகவே நிற்கும். கிளிப்பச்சைக்கு மருந்தில்லை; வரையும்போதே சற்று அடங்கிய பச்சையைத் தேர்வதே வழி.

இதற்கு விலையுயர்ந்த மென்பொருள் தேவையில்லை. இலவசமான கிரிட்டா சிஎம்ஒய்கேயிலேயே வரைய விடும். ஸ்க்ரைபஸ் அச்சுக்குரிய பிடிஎஃப் தரும். 2025-இல் வந்த கிம்ப் 3.0 அச்சு நிறத்தைத் திரையில் முன்னோட்டமாகக் காட்டும். பலரும் பயன்படுத்தும் கேன்வாவிலோ சிஎம்ஒய்கே பிடிஎஃப் கட்டணக் கணக்குக்கு மட்டுமே. மூலப்படத்தை ஆர்ஜிபியில் பாதுகாத்து, அச்சகம் சொல்லும் நிற விவரக் கோப்பைக் கொண்டு கடைசியில் ஒரு பிரதியை மட்டும் மாற்றுவதே சரியான முறை. ஆஃப்செட், டிஜிட்டல், பதாகை என இயந்திரம் மாறினால் மூலத்திலிருந்து மறுபடி மாற்றிக்கொள்ளலாம்.

கருப்பு தனிக் கவனம் கேட்பது. இரவுக் காவடிக் காட்சியின் பின்னணியில் நான்கு மையும் 100 என்று வைத்தால் மொத்தம் 400 ஆகும். மை காயாமல் அடுத்த தாளின் முதுகில் ஒட்டும். வழுவழுப்பான தாளில் மொத்தம் 300-ஐ ஒட்டி நிற்பது பாதுகாப்பு. கருப்பு 100, சியான் 60, மஜெந்தா 40, மஞ்சள் 40 என்றால் 240-இலேயே ஆழ்ந்த கருப்பு கிடைக்கும். எழுத்துக்கு மட்டும் இது ஆகாது. தகடுகள் இம்மி விலகினாலும் ஞ, ணு, ழு ஆகியவற்றின் நெருங்கிய சுழிகள் மங்கிவிடும் என்பதால், நோட்டீஸின் சிறிய எழுத்து தனிக் கருப்பில் இருக்க வேண்டும்.

பணத்தை மிச்சப்படுத்தும் வேறு வழிகளும் உண்டு. மஞ்சள் அல்லது இளஞ்சிவப்புத் தாளில் ஒரே மையால் அச்சிடுவது பழைய கோயில் நோட்டீஸ் மரபு. இன்றும் அழகு குறையாதது. பிரதி சில நூறென்றால் தகடு தேவைப்படாத டிஜிட்டல் அச்சு மலிவு, ஆயிரங்களுக்கு ஆஃப்செட். எதுவாயினும், முக்கிய நிறங்களைக் கட்டங்களாக ஒரு ஏ4 தாளில் அடுக்கி, அதே இயந்திரத்தில், அதே தாளில் ஒரு பிரதி எடுத்துப் பார்ப்பது எல்லாச் செலவிலும் சிறந்த செலவு. ஏ4 படத்துக்கு 2480-க்கு 3508 புள்ளிகள் வேண்டும். ஓரத்தில் 3 மில்லிமீட்டர் வெட்டு இடம் விட வேண்டும். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் கோப்பு சுருங்கிவிடும். ஆவணமாக அனுப்ப வேண்டும்.

ரப்பர் தோட்டங்கள் பல செம்பனைக்கும் வீடமைப்புக்கும் மாறிவிட்ட இன்றைய கெடாவில், இவ்வேலைகள் சுங்கை பட்டாணி, கூலிம், அலோர்ஸ்டார் நகரங்களின் டிஜிட்டல் அச்சுக் கடைகளில் நடைபெறுகின்றன.