நின்றால் அணையும் எஞ்சின்

தாம்பரத்தைக் கடந்து தெற்கே செல்லும் ஜி.எஸ்.டி. சாலையில், வண்டலூர் வட்டாரம் ஒரு காலத்தில் மோட்டார் கார்கள் பிறந்த இடம். 1948-இல் தொடங்கப்பட்ட ஸ்டாண்டர்டு மோட்டார் நிறுவனம் இங்கே வான்கார்டு கார்களைச் செய்தது. 1961-இல் ஹெரால்டு வந்தது, 1972-இல் கெஸல். 1980-களின் இறுதியில் கார் உற்பத்தி நின்றது. ஹெரால்டுகள் சில இன்றும் ஆர்வலர்கள் கையில் ஓடுகின்றன.

அக்காலக் கார்களுக்குப் பொதுவான நோய் ஒன்று உண்டு. சாலையில் நன்றாக ஓடும். ரயில்வே கேட்டில் நின்றால் இரு முறை குலுங்கி அணைந்துவிடும். 'ஸ்லோ நிற்கவில்லை' என்பார் மெக்கானிக். ஓடும்போது இல்லாத குறை நிற்கும்போது மட்டும் வருவானேன்?

குறுகிய வழியில் விரையும் பாய்மத்தின் அழுத்தம் குறையும் என்பதை இத்தாலியரான வெஞ்சூரி 1797-இல் விளக்கினார். இதே தத்துவத்தில் பெட்ரோலைத் தெளிக்கும் கார்புரேட்டரை ஜெர்மனியின் மேபாக் 1893-இல் உருவாக்கினார். கார்புரேட்டரின் குறுகிய கழுத்தில் காற்று விரையும்போது முதன்மை ஜெட்டிலிருந்து பெட்ரோல் இழுக்கப்படுகிறது. ஆனால் ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்ததும் திராட்டில் தகடு ஏறக்குறைய மூடிக்கொள்கிறது. கழுத்தில் காற்றின் வேகம் போதாது. முதன்மை ஜெட் ஓய்ந்துவிடும். அப்போது தகடுக்குக் கீழே உண்டாகும் வெற்றிடம், தனியே உள்ள ஸ்லோ ஜெட் வழியாகச் சிறிது பெட்ரோலை இழுக்கிறது. அந்த ஜெட்டின் துளை ஊசி முனை அளவே. ஒரு தூசி போதும், எஞ்சின் பட்டினியாகிவிடும்.

அனுபவசாலிகள் எடுத்தவுடன் கார்புரேட்டரைக் கழற்றுவதில்லை. முதலில் தீப்பொறி: ஸ்பார்க் பிளக்கையும், டிஸ்டிரிபியூட்டர் பாயிண்ட் இடைவெளியையும் பார்ப்பார்கள். அவை சரியெனில், சூடான எஞ்சினில் சோக்கைச் சற்றே இழுப்பார்கள். எஞ்சின் சீரானால், பெட்ரோல் குறைவு அல்லது காற்று மிகுதி என்று பொருள். மேலும் திணறினால் பெட்ரோல் மிகுதி. மிதவை ஊசி ஒழுகலாம். காற்று மிகுதி என்றால் மேனிஃபோல்டு பேக்கிங்கில் 'ஏர் எடுக்கிறதா' என்று சோதிக்க வேண்டும். சூடான புகைக் குழாயில் படாமல், இணைப்பில் சில சொட்டு எண்ணெய் விட்டால் போதும். எண்ணெய் உள்ளே இழுக்கப்பட்டு ஓட்டம் மாறினால் கசிவு அங்கேதான். அங்கே கசிவு இல்லையெனில் ஸ்லோ ஜெட்டைக் கழற்றிக் காற்றால் ஊதிச் சுத்தம் செய்ய வேண்டும். கம்பியால் குத்தினால் துளை பெரிதாகிவிடும். இவ்வளவுக்குப் பிறகும் தீராவிட்டால் வால்வுகளைப் பார்க்க வேண்டும்.

இன்று புதிய காரணம் ஒன்றும் சேர்ந்துள்ளது. தூய பெட்ரோல் 1 கிலோ முழுதாக எரிய ஏறத்தாழ 14.7 கிலோ காற்று வேண்டும். 20 சதவிகித எத்தனால் கலந்த பெட்ரோலுக்குச் சுமார் 13.5 கிலோ போதும். இன்றைய எஞ்சினில் உள்ள ஆக்ஸிஜன் உணரி இந்த வேறுபாட்டைக் கண்டறிந்து சரிசெய்கிறது. பழைய கார்புரேட்டருக்கு அந்த அறிவு இல்லை. அதே அளவுதான் தரும். எனவே கலவையில் எரிபொருள் குறைகிறது, ஸ்லோ நிற்பதில்லை. பழைய ரப்பர்க் குழாய்களையும் எத்தனால் கெடுக்கக்கூடும்.

வண்டலூருக்குச் சற்றுத் தெற்கே, மறைமலை நகரில், 1985-இல் ஜப்பானின் மிகுனியுடன் கூட்டாக அமைந்த யூகால் நிறுவனமும் கார்புரேட்டர்கள் செய்தது. 2000-க்குப் பின் புகைக் கட்டுப்பாடுகள் இறுக, கார்களில் கார்புரேட்டரின் காலம் முடிந்தது. ஆனால் காற்று, எரிபொருள், தீப்பொறி என்று ஒவ்வொன்றாக ஐயம் நீக்கிச் செல்லும் முறை பழையதாகவில்லை. அணைந்த எஞ்சினின் முன் அதுவே இன்றும் முதல் கருவி.