மடிக்கும் சைக்கிளின் பழைய கதை

மடிக்கும் சைக்கிள் நேற்று வந்த பொருள் என்றுதான் நம்மில் பலர் நினைக்கிறோம். அதற்கு வயது நூற்றுக்கு மேல் ஆகிறது. கையைக் கடிக்காத விலையில் ஒன்று வாங்கலாம் என்று நான் விசாரித்தபோது, கடைக்காரர்கள் சொன்னதைவிட அதன் பூர்வ கதைதான் எனக்கு அதிகம் உதவியது.

எனக்கு எழுபது தாண்டிவிட்டது. பார் வைத்த பழைய சைக்கிளில் காலைத் தூக்கிப் போட்டு ஏற முட்டி இடம் கொடுப்பதில்லை. சைக்கிளே வேண்டாம் என்று விட்டுவிட்டால், கடைத்தெருவுக்குப் போகக்கூட மகனுடைய வண்டியை எதிர்பார்த்து உட்கார்ந்திருக்க வேண்டும். அதற்கு மனம் ஒப்பவில்லை.

மடிக்கும் சைக்கிளை முதலில் விரும்பியவர்கள் ராணுவத்தினர். 1890களிலேயே பிரெஞ்சு ராணுவத்தில் ஜெரார் என்ற கேப்டனின் பெயரில் ஒரு மடிப்பு சைக்கிள் வந்தது. சிப்பாய் அதை மடித்து முதுகில் மாட்டிக்கொள்வார். இரண்டாம் உலகப்போரில் பாராசூட் வீரர்களுக்காக அப்படி ஒன்றைச் செய்தது இங்கிலாந்தின் பி.எஸ்.ஏ. கம்பெனி. நமக்குப் பழகிய பெயர்தான். 1949-ல் தொடங்கிய டி.ஐ. சைக்கிள்ஸ் அம்பத்தூரில் பி.எஸ்.ஏ. சைக்கிள்களைச் செய்ததை நம் வயதுக்காரர்கள் அறிவார்கள். ஆனால் பி.எஸ்.ஏ. என்பதன் விரிவு ‘பர்மிங்ஹாம் ஸ்மால் ஆர்ம்ஸ்’. ஆதியில் அது துப்பாக்கிக் கம்பெனி! அந்தப் போர்க்கால சைக்கிளின் சட்டத்தில் இரண்டு கீல்கள் இருந்தன. காது வைத்த நட்டுகளைக் கையாலேயே கழற்றி மடிக்கலாம். எடை ஏறத்தாழ 14 கிலோ.

போருக்குப் பிறகு பெட்ரோல் இந்தக் கதைக்குள் வருகிறது. 1956-ல் சூயஸ் நெருக்கடியால் இங்கிலாந்தில் பெட்ரோலுக்கு ரேஷன் வந்தது. அப்போது சைக்கிள் பக்கம் திரும்பிய பொறியாளர் அலெக்ஸ் மௌல்டன், 1962-ல் சின்னச் சக்கர சைக்கிளை விற்பனைக்குக் கொண்டுவந்தார். அது மடியாது. ஆனால் சின்னச் சக்கரம் குழந்தைகளுக்கு மட்டும் அல்ல என்று காட்டியது. பள்ளத்தில் அது அதிகமாகக் குலுக்கும் என்பதால் ரப்பர் வைத்து அதிர்ச்சியைக் குறைத்தார். 1970களின் நடுவில் ஆண்ட்ரூ ரிச்சி என்பவர் லண்டனில் தன் வீட்டிலேயே உருவாக்கியது பிராம்ப்டன். கலிபோர்னியாவில் லேசர் விஞ்ஞானியாக இருந்த டேவிட் ஹான், 1973 எண்ணெய் நெருக்கடி தந்த யோசனையில் உழைத்து, 1982-ல் டாஹோன் கம்பெனியைத் தொடங்கினார்.

இதில் எனக்குப் புரிந்தது ஒன்று. இவர்கள் ஒவ்வொருவரும் ஒரு குறிப்பிட்ட தேவைக்காகச் செய்தார்கள். சிப்பாய்க்குச் சுமக்க வேண்டும். லண்டன்காரருக்கு ரயிலில் ஏற்ற வேண்டும். நமக்கு என்ன வேண்டும்? தாழ்வான சட்டம், ஃபிளாட்டில் வைக்க இடம், காலையில் நாலைந்து கிலோமீட்டர் சுற்றிவர ஒரு வண்டி. அவ்வளவுதான். இறக்குமதி பிராம்ப்டனுக்கு லட்சத்துக்கு மேல் கொடுப்பது நமக்குத் தேவையில்லை.

விலை குறைந்த இரும்புச் சட்ட மடிப்பு சைக்கிள்கள் பெரும்பாலும் 14, 15 கிலோ இருக்கின்றன. எண்பது ஆண்டு கழித்தும் பாராசூட் வீரர் சுமந்த அதே எடை! அவருக்கு வயது இருபது சொச்சம். ஆகவே, மடிக்க முடிகிறதே என்று மாடிக்குத் தூக்கிப் போகும் எண்ணத்தில் வாங்காதீர்கள். லிஃப்டில் உருட்டிக்கொண்டு போகலாமா, கீழ்த்தளத்தில் ஒரு மூலை கிடைக்குமா என்று முதலில் பாருங்கள்.

அடுத்தது சக்கரம். பழைய 28 அங்குலச் சக்கரம் ஒரு சுற்றுக்கு 2.2 மீட்டர் போகும். 20 அங்குலம் 1.6 மீட்டர்தான் போகும். பெடல் பக்கத்துப் பல்சக்கரம் பெரிதாக இருந்தால் இந்தக் குறை ஓரளவு சரியாகிவிடும். 16 அங்குலம் நம் சாலைப் பள்ளங்களுக்கு ஆகாது. கீலும் பூட்டும் மிக முக்கியம். பூட்டியபின் ஹேண்டில்பாரைப் பிடித்து முன்னும் பின்னும் ஆட்டிப் பாருங்கள். ‘டக் டக்’ என்று சத்தம் வந்தால் எவ்வளவு மலிவானாலும் வேண்டாம். இந்த வயதில் விழுந்தால் இடுப்பு எலும்பு தாங்காது.

நான் வாங்கியது 20 அங்குலச் சக்கரம், நடுவில் ஒரே கீல், கியர் இல்லாத வண்டி. அதை மடிப்பது மாதம் ஒருமுறைதான். ஓட்டுவது தினமும்.