பெயின்ட் பாதுகாப்புப் படலம்

காரின் பெயின்ட் மீது ஒட்டப்படும் நிறமற்ற பாலியூரித்தேன் படலம், பேச்சுவழக்கில் பிபிஎஃப். தடிமன் பெரும்பாலும் 150 முதல் 200 மைக்ரான். வியட்நாம் போரில் ஹெலிகாப்டரின் சுழல் இறக்கைகளைக் காக்க ஒட்டிய படலமே இதன் முன்னோடி. சேலத்தை ஒட்டிய கொண்டப்பநாயக்கன்பட்டி போன்ற ஊர்க் கார்களுக்கு, நெடுஞ்சாலையில் லாரிச் சக்கரம் தெறிக்கவிடும் ஜல்லியே முதல் எதிரி. அடி வாங்குவது பானெட்டும் முன் பம்பரும். ஒட்டும்போது சோப்புத் தண்ணீர் தெளித்து, படலத்தை நகர்த்திப் பொருத்தி, ரப்பர் தகட்டால் நீரை வழித்தெடுப்பார்கள். இடையில் ஒரு தூசி சிக்கினாலும் வேலை கெட்டது. நல்ல ரகத்தில் மெல்லிய கீறல் வெயில் சூட்டிலேயே மறையும். ஆழமான வெட்டு மறையாது. மலிவு ரகம் மஞ்சளாகிவிடும். 2012இல் உச்ச நீதிமன்றம் தடைசெய்தது கார்க் கண்ணாடியில் ஒட்டும் படலத்தை, பெயின்ட் மீது ஒட்டும் இந்தப் படலத்தை அல்ல. முழு வண்டிக்கும் ஒட்டுவது செலவு. முன்பக்கம் மட்டுமே பலருக்குப் போதும்.