பரோடாவில் ஒரு நாள் வாடகை ஒன்றரை ரூபாய்

சம்பளத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வாடகை போகக்கூடாது என்கிறார்கள். வீடு தேடப் புறப்படும் எல்லோருக்கும் கிடைக்கும் அறிவுரை இது. வாடகை, அட்வான்ஸ், தரகர் கூலி, பஸ் செலவு எல்லாவற்றையும் கூட்டிப் பார். கட்டுப்படியாகிறதா என்று முடிவு செய். நல்ல கணக்குதான். ஆனால் நம்மவர்களுக்கு இந்தக் கணக்கு முதல் வரியிலேயே இடித்துவிடுகிறது. காசு இருந்தும் வீடு கிடைக்காதவன் எதை எதால் வகுப்பான்?

நூறு ஆண்டுகளுக்கு முன்பே இந்தக் கேள்வியைச் சந்தித்தவர் பாபாசாகேப்.

1917. கொலம்பியாவிலும் லண்டனிலும் படித்துவிட்டு அம்பேத்கர் பரோடாவுக்கு வருகிறார். மகாராஜா சயாஜிராவ் கெய்க்வாட் கொடுத்த உதவித்தொகைக்கு ஈடாகப் பத்து ஆண்டுகள் சமஸ்தானத்தில் வேலை செய்வதாக ஒப்பந்தம். வேலை தயார். வீடுதான் இல்லை. இந்து விடுதியில் சாதி கேட்பார்கள். அதனால் பார்சி விடுதிக்குப் போனார். பார்சி அல்லாதவருக்கு அங்கே இடமில்லை என்றார் விடுதிக்காரர். ஆனால் வேறு விருந்தினரும் இல்லாததால் அவருக்கும் வரும்படி தேவைப்பட்டது. பதிவேட்டில் ஒரு பார்சிப் பெயர் எழுதப்பட்டது. தங்கவும் சாப்பிடவும் நாளொன்றுக்கு ஒன்றரை ரூபாய்.

கவனியுங்கள் தோழர்களே. அந்த ஒன்றரை ரூபாயை அவரால் கொடுக்க முடிந்தது. பணக்கணக்கில் அந்த அறை அவருக்குக் கட்டுப்படியானதுதான். ஆனால் ரூபாயோடு சேர்த்துத் தன் பெயரையும் கொடுக்க வேண்டியிருந்தது. பழைய தட்டுமுட்டுச் சாமான்கள் அடைத்துக் கிடந்த மாடிக்கூடத்தில், மங்கிய அரிக்கேன் விளக்கோடு, பேச்சுத் துணைக்கு ஆளில்லாமல் நாட்களைக் கழித்தார். சமஸ்தானத்தின் வீடு ஒன்று கிடைக்கும் என்று எதிர்பார்த்தார், கிடைக்கவில்லை.

பதினோராம் நாள் காலை, அலுவலகம் கிளம்பும் நேரத்தில், தடிகளோடு பார்சிகள் கூட்டமாக வந்தார்கள். விடுதியைத் தீட்டாக்கிவிட்டாய், சாயங்காலத்துக்குள் காலி செய் என்றார்கள். அவர் இரண்டு நண்பர்களிடம் போய்க் கேட்டார். வீட்டு வேலைக்காரர்கள் போய்விடுவார்கள் என்றார் இந்து நண்பர். மனைவியைக் கேட்க வேண்டும் என்று நழுவினார் கிறித்தவ நண்பர். அன்றைய மாலைப் பொழுதை காமாட்டி பாக் பூங்காவில் உட்கார்ந்து கழித்துவிட்டு, இரவு ரயிலில் பம்பாய்க்குத் திரும்பினார். இதையெல்லாம் ‘வெயிட்டிங் ஃபார் எ விசா’ என்ற தன்வரலாற்றுக் குறிப்புகளில் அவரே எழுதியிருக்கிறார்.

வீடில்லாததால் வேலை போயிற்று. வாடகை என்ற செலவில் இதை எந்தக் கணக்குப்பிள்ளை சேர்ப்பார்?

பம்பாயில் அவருக்குத் தங்க இடமிருந்தது. 1896இல் கொள்ளை நோய் தாக்கிய பிறகு 1898இல் தொடங்கப்பட்ட நகர மேம்பாட்டு அறக்கட்டளை கட்டிய சால் அது. பரேலில் தொழிலாளிகள் குடியிருந்த சிறிய அறைகள். 1918இல் சிடன்ஹாம் கல்லூரியில் மாதம் 450 ரூபாய் சம்பளத்தில் பேராசிரியரான பிறகும் அங்கேதான் குடியிருந்தார். தனியார் கதவு சாத்தப்பட்டவருக்கு இடம் தந்தது பொதுப்பணத்தில் கட்டிய வீடு. அரசு எதற்கு வீடு கட்ட வேண்டும் என்று கேட்பவர்களுக்கு இதைவிட வேறு பதில் தேவையில்லை.

சட்டம் மாறியது. 1955ஆம் ஆண்டுக் குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டத்தின் 4ஆம் பிரிவு, எந்தப் பகுதியிலும் குடியிருப்பதைத் தீண்டாமையின் பெயரால் தடுப்பது குற்றம் என்கிறது. ஆனால் சாதியைச் சொல்லி மறுக்கும் வீட்டுக்காரர் இன்று யார்? ‘சொந்த ஊர் எது? எந்தத் தெரு? கறி மீன் சமைப்பீங்களா?’ என்று கேட்பார். ‘சொல்லி அனுப்புறேன்’ என்பார். வழக்குப் போட அதில் ஒரு சொல்லும் சிக்காது.

2005இல் குஜராத்திலிருந்தே இன்னொரு வழக்கு வந்தது. அகமதாபாத்தின் பார்சி வீட்டுவசதிச் சங்கம் ஒன்று, பார்சிகளை மட்டுமே உறுப்பினராகச் சேர்க்கும் விதியை வைத்திருந்தது. அந்த விதி செல்லும் என்றது உச்ச நீதிமன்றம். 2015இல் சுகதேவ் தோரட்டும் அவர் குழுவினரும் டெல்லியிலும் சுற்றியுள்ள நகரங்களிலும் வாடகை வீடுகளைப் பற்றி ஆய்வு வெளியிட்டார்கள். தலித் பெயரோடு தொலைபேசியில் கேட்டவர்களில் 18 விழுக்காட்டினருக்கு நேரடியாகவே ‘இல்லை’ என்ற பதில். முஸ்லிம் பெயருக்கு 31 விழுக்காடு.

இந்த மறுப்புகளுக்கு விலை உண்டு. நகருக்குள் கிடைக்காதவர் ஊர்க்கோடிக்குப் போகிறார்; பஸ் கட்டணமும் நேரமும் கூடுகிறது. இரண்டு மாதம் தேடினால் இரண்டு மாதம் லாட்ஜ் செலவு. கொடுக்கும் ஒரே வீட்டுக்காரர் கேட்ட வாடகையைப் பேரம் பேசாமல் கொடுக்க வேண்டும். சாதி இங்கே வாடகையின் மேல் வைக்கப்பட்ட வரி.

எனவே அடுத்த முறை யாராவது ஒரு நகரத்தைக் காட்டி, இங்கே வாடகை மலிவு என்று சொன்னால், யாருக்கு மலிவு என்று கேளுங்கள். சொந்தப் பெயரைச் சொல்லி, சொந்தச் சமையலைச் சமைத்துக் குடியிருக்க முடிகிற வீட்டுக்குத்தான் வாடகைக் கணக்குப் போட முடியும். பரோடாவின் ஒன்றரை ரூபாய் அறை மலிவானது இல்லை.

ஜெய் பீம்.