643 பேர்

திருநகர்க்காரர்களுக்கு ஒரு வேடிக்கை உண்டு. வீட்டு வரி கட்டுவது மதுரை மாநகராட்சிக்கு. எம்.பி.யைத் தேர்ந்தெடுப்பது மட்டும் விருதுநகருக்கு! திருப்பரங்குன்றம் சட்டமன்றத் தொகுதி 2009 தேர்தலிலிருந்து அந்தப் பக்கம் போய்விட்டது. கூடவே ஒரு சரித்திரமும் வந்து ஒட்டிக்கொண்டது. பெரிய ஆட்களைப் பதற வைக்கிற மண் அது.

1967. விருதுநகர் சட்டமன்றத் தொகுதியில் நின்றவர் காமராஜர். ஒன்பது வருஷம் முதல்வர். இரண்டு பிரதமர்களை உட்கார வைத்தவர். 1957லும் 1962லும் பக்கத்து சாத்தூரில் ஜெயித்தவர், இந்தமுறை சொந்த ஊருக்கே வந்திருந்தார். எதிரே பெ.சீனிவாசன். இந்தி எதிர்ப்புப் போராட்டத்தில் உருவான மாணவர் தலைவர். யாருக்குத் தெரியும் அவரை?

பெட்டியைத் திறந்தார்கள். சீனிவாசன் 33,421. காமராஜர் 32,136. வித்தியாசம் 1,285.

கணக்குப் போட்டுப் பாருங்கள். வெறும் 643 பேர் மாற்றிக் குத்தியிருந்தால், காமராஜர் ஒரு ஓட்டில் ஜெயித்திருப்பார்!

அரிசிப் பஞ்சம், 1965 போராட்டத்தின் கோபம், ரூபாய்க்கு மூன்று படி என்ற வாக்குறுதி எல்லாம் சேர்ந்து அடித்தன என்பது தெரிந்த கதை. பலர் கவனிக்காத விஷயம் ஒன்று இருக்கிறது. அந்தத் தேர்தலில் மாநிலம் முழுக்க காங்கிரஸ் வாங்கிய ஓட்டு 41 சதவிகிதம். தி.மு.க.வை விடக் கொஞ்சம் அதிகம்தான். ஆனால் ராஜாஜியின் சுதந்திரா முதல் மார்க்சிஸ்டுகள் வரை எதிர்த்தரப்பை ஒரே அணியில் சேர்த்துவிட்டார் அண்ணா. சிதறிக் கிடந்த ஓட்டு ஒரே பக்கம் விழுந்தது. ஆட்சியே போனது.

அப்படியே 2024க்கு வாருங்கள். விருதுநகர் எம்.பி. மாணிக்கம் தாகூர், காங்கிரஸ். 2019ல் ஒன்றரை லட்சத்துக்கும் மேல் வித்தியாசத்தில் ஜெயித்தவர். எதிரே தே.மு.தி.க.வின் விஜய பிரபாகரன். அப்பா விஜயகாந்த் இறந்து ஆறு மாதம்கூட ஆகவில்லை. மதுரைச் சுற்றுவட்டாரத்தில் அந்த அனுதாபம் சும்மா இருக்குமா? எண்ணிக்கை நாளில் இருவரும் மாறி மாறி முன்னிலை. கடைசியில் தாகூர் 3,85,256; பிரபாகரன் 3,80,877. வெறும் 4,379தான் வித்தியாசம். மறுபடி எண்ணச் சொன்னது தே.மு.தி.க.

மூன்றாவதாக வந்த பா.ஜ.க.வின் ராதிகா சரத்குமார் வாங்கியது 1,66,271. அந்த ஓட்டெல்லாம் அப்படியே பிரபாகரனுக்குப் போயிருக்கும் என்று சத்தியம் செய்ய முடியாது. ஆனால் அதில் நூற்றுக்கு மூன்று பேர் அந்தப் பக்கம் சாய்ந்திருந்தாலே போதும். 1967ல் எதிரிகள் சேர்ந்ததால் தோற்றது காங்கிரஸ். 2024ல் எதிரிகள் பிரிந்ததால் தப்பித்தது.

காமராஜர் 1969ல் நாகர்கோவில் இடைத்தேர்தலில் லட்சத்துக்கும் மேல் வித்தியாசத்தில் ஜெயித்து டெல்லிக்குப் போனார். மனிதர் அதே மனிதர்தான். ஆனால் அதற்குள் கோட்டை கைமாறிவிட்டது. அவர் கட்சிக்கு அது திரும்பக் கிடைக்கவேயில்லை.

'என் ஒரு ஓட்டில் என்ன ஆகிவிடப் போகிறது' என்று தேர்தல் நாளன்று டி.வி. முன்னால் உட்காருகிறவர் உங்கள் வீட்டிலும் இருப்பார். அவரிடம் அந்த 643 கணக்கைச் சொல்லுங்கள்.