ஆணியில் தொங்கும் உப்புநீர்ப் பை



எங்கள் வீட்டுச் சமையலறைச் சுவரில், முன்பு நாட்காட்டி தொங்கிய ஆணியில், இப்பொழுது ஓர் உப்புநீர்ப் பை தொங்குகிறது. வீட்டிற்கு வருவோர் அதைக் கண்டதும் குரலைத் தாழ்த்தி, "அம்மாவுக்கா, டீச்சர்?" என்று வினவுவர். "இல்லை, பூனைக்கு" என்றதும் சிலர் சிரிப்பர். என்னிடம் பயிலும் மாணவி ஒருத்தியின் தாயார் மட்டும் சிரிக்கவில்லை. "மனுசனுக்கே டிரிப் ஏத்த ஆஸ்பத்திரியில காத்துக் கெடக்கணும், டீச்சர்" என்றார். தேயிலைக் கூடையைச் சுமந்து தோள் காய்த்துப்போன அவர் அவ்வாறு கூறியதில் நியாயம் இல்லாமல் இல்லை. அன்றிரவு அந்தப் பையின் வரலாற்றைத் தேடிப் படிக்கத் தொடங்கினேன். படித்தவற்றையே இங்கு எழுதுகிறேன்.

முதலில் நோயாளியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். பெயர் வெள்ளச்சி. வயது பதினான்கு. அம்மா குடியிருந்த தோட்டத்து லயன் வீட்டின் பரணில் பிறந்தவள். சென்ற ஆண்டிறுதிப் பள்ளி விடுமுறையில் குளியலறை வாளியில் தலையை விட்டு ஓயாமல் நீர் அருந்தினாள். மணல் தட்டு ஒரே நாளில் கட்டி கட்டியாக நனைந்தது. முதுகெலும்பு கைக்குத் தட்டுப்பட்டது. "வயசாயிருச்சு, அவ்வளவுதான்" என்றார் அம்மா. நானும் மூன்று வாரங்கள் அப்படியே நம்பினேன். அந்த மூன்று வாரங்களை இன்று நினைத்தாலும் மனம் உறுத்துகிறது. பிறகே சிம்பாங் பூலாய் சாலை வழியாக ஈப்போவிற்குக் கொண்டு சென்றோம். இரத்தத்தில் கிரியேட்டினின் அளவைச் சோதித்த கால்நடை மருத்துவர், நாட்பட்ட சிறுநீரக நோய், மூன்றாம் நிலை என்றார். நோயை நான்கு நிலைகளாகப் பிரிக்கும் இம்முறையை வகுத்தது 1998-ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட அனைத்துலகச் சிறுநீரக ஆர்வலர் கழகம். வீட்டுப்பூனையின் மூதாதை வறண்ட நிலத்துக் காட்டுப்பூனை. குறைந்த நீரைக்கொண்டு சிறுநீரைக் கெட்டிப்படுத்தி வாழ்ந்த இனம் அது. சிறுநீரகத்தின் பெரும்பகுதி பழுதான பின்னரே அந்த ஆற்றல் குன்றும். உடலின் நீரைத் தேக்கி வைக்க இயலாமல் போவதால்தான் பூனை வாளியைத் தேடுகிறது. இரத்தத்தில் கிரியேட்டினின் உயர்வதற்குள் ஏறக்குறைய முக்கால் பங்கு செயற்பாடு போய்விட்டிருக்கும் என்பர்.

இழந்த நீரைத் தோலின் அடியில் செலுத்தி ஈடுசெய்வது வீட்டில் செய்யத்தக்க சிகிச்சைகளுள் ஒன்று. பையின் கதை இங்குதான் தொடங்குகிறது. தொடங்கியது பூனையிடமன்று, வாந்திபேதியிடம்.

1831-ஆம் ஆண்டில் காலரா இங்கிலாந்தை அடைந்தது. வில்லியம் புரூக் ஓஷானசி என்னும் இளம் மருத்துவர், அப்பொழுது இருபத்திரண்டே வயது, நோயாளிகளின் இரத்தத்தை ஆராய்ந்து, அதில் நீரும் உப்பும் பெருமளவு குறைந்திருப்பதைக் கண்டார். இதைப் படித்த தாமஸ் லாட்டா என்னும் ஸ்காட்லாந்து மருத்துவர், 1832-ஆம் ஆண்டில் லீத் துறைமுக நகரில், சாகும் தறுவாயிலிருந்த மூதாட்டி ஒருவரின் நரம்பில் உப்புநீரைச் செலுத்தினார். குழி விழுந்த கண்கள் தெளிந்தன, நாடி திரும்பிற்று. தேறிவிட்டார் என்று எண்ணி லாட்டா அகன்றார். பேதி மீண்டும் தொடர, சில மணி நேரத்தில் அம்மூதாட்டி இறந்தார். ஒருமுறை கொடுத்தது போதவில்லை. மீண்டும் மீண்டும் கொடுத்திருக்க வேண்டும். லாட்டாவும் மறு ஆண்டே காலமானார். கொள்ளைநோய் தணிந்ததும் மருத்துவ உலகம் அம்முறையைப் பெரும்பாலும் மறந்துபோனது. ஓஷானசியோ 1833-இல் கிழக்கிந்தியக் கம்பெனியின் பணியேற்றுக் கல்கத்தா சென்றார். இந்தியாவில் தந்திக் கம்பிகளை நிறுவியவர் என்றே பின்னாளில் புகழ்பெற்றார். உப்புநீரின் காரணத்தைக் கண்டவருக்குத் தந்தியால் பெயர் கிடைத்தது விந்தைதான்.

அதே கல்கத்தாவில், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், லெனார்டு ரோஜர்ஸ் என்பவர் செறிவு மிகுந்த உப்புநீரை நரம்பில் ஏற்றிக் காலரா இறப்புகளை ஏறத்தாழப் பாதியாகக் குறைத்தார். இவ்வரியைப் படித்தபோது நான் புத்தகத்தை மூடிவிட்டேன். என் பாட்டி சிறுமியாக நாகப்பட்டினத்தில் கப்பலேறியவர். அவருடைய அண்ணன் இங்குக் கரையிறங்கித் தோட்டத்தைப் பார்க்கவேயில்லை. பினாங்குக்கு அருகிலுள்ள ஜெரெஜாக் தீவின் தடுப்பு முகாமில் வாந்திபேதியால் இறந்தார் என்று பாட்டி சொல்வார். கப்பலில் வந்த நம்மவர் அங்குத்தான் இறக்கி வைக்கப்பட்டு, நோயில்லை என்று உறுதியான பின்னரே தோட்டங்களுக்கு அனுப்பப்பட்டனர். நம்மவர் புறப்பட்ட அந்நாட்டிலேயே மருந்து அறியப்பட்டிருந்தது. அந்த முகாமில் அந்தப் பையனுக்கு யாரேனும் உப்புநீர் ஏற்றினார்களா என்பதைச் சொல்ல வீட்டில் இப்பொழுது யாரும் இல்லை.

பாட்டியின் குடும்பம் வந்து சேர்ந்தது இந்த மலைக்கு. 1885-இல் வில்லியம் கேமரன் நில அளவை செய்து, அவர் பெயரையே தாங்கிய மலை இது. 1929-இல் ஜே. ஏ. ரஸ்ஸல் இங்குப் போ தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கினார். தாப்பாவிலிருந்து வந்த மலைப்பாதை வழியே கூடையும் கத்தியுமாய் ஏறியவர்களுள் பெரும்பாலோர் தமிழர். 1912-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டத்தைத் தொடர்ந்து தோட்டங்களில் மருத்துவ வசதி வந்தது. நம் தோட்டத்து மக்களுக்கு மருத்துவம் என்றால் டிரசர்தான். அவரிடம் ஒரு புட்டியில் கலவை மருந்து, ஒரு புட்டியில் மண்ணெண்ணெய் நிறத்தில் ஏதோ ஒன்று. பூனையை அவரிடம் தூக்கிச் சென்றவர் எவருமிலர்.

மீண்டும் உப்புநீருக்கு வருகிறேன். வெறும் உப்பு போதாது என்பதை உலகம் ஒரு பிழையால் அறிந்தது. 1880-களின் தொடக்கத்தில் இலண்டனில் சிட்னி ரிங்கர் என்பவர் தவளையின் இதயத்தை உப்புநீரில் இட்டு, அது நெடுநேரம் துடிப்பதைக் கண்டு எழுதிவிட்டார். பின்னரே, கரைசல் வடிநீரில் அன்றிக் குழாய்நீரில் கலக்கப்பட்டிருந்தது தெரிய வந்தது. வடிநீரில் செய்து பார்த்தால் இதயம் நின்றது. இதயத்தை இயக்கியது குழாய்நீரிலிருந்த சுண்ணாம்புச் சத்து. 1883-இல் அவரே தம் முந்தைய கட்டுரையின் பிழையை வெளிப்படையாக எழுதித் திருத்தினார். விடைத்தாளில் மை கொட்டினாலே மறைக்கும் பிள்ளைகளுக்கு இக்கதையை நான் வகுப்பில் சொல்வதுண்டு. பின்னர் 1930-களில் அமெரிக்கக் குழந்தை மருத்துவர் அலெக்சிஸ் ஹார்ட்மன், பேதியால் வாடிய குழந்தைகளுக்காக அக்கரைசலில் லாக்டேட்டைச் சேர்த்தார். எங்கள் ஆணியில் தொங்கும் பையில் இருப்பது அவருடைய கரைசலே.

பூனைக்கு இவையெல்லாம் வந்து சேரத் தாமதமானது. 1760-களில் பிரான்சு நாட்டின் லியோனில் தோன்றிய முதல் கால்நடை மருத்துவப் பள்ளி மாட்டுக் கொள்ளைநோய்க்காகவும் குதிரைகளுக்காகவும் எழுந்தது. 1903-இல் சென்னையில் தோன்றிய கல்லூரியின் பெயரே 'கால்நடை' என்கிறது. பூனை இவ்வரிசையில் கடைசி. தமிழ் நூல்களில் அப்படியன்று. தொல்காப்பிய மரபியல், வெருகு எனப்படும் காட்டுப்பூனைக்கும் எலிக்கும் அணிலுக்கும் இளமைப் பெயரைக் 'குட்டி' என்று ஒரே மூச்சில் கூறுகிறது. பூனையையும் எலியையும் ஒரு சூத்திரத்தில் அமைதியாக அமர வைத்தவர் வேறு யார்?

சிறுநீரக நோய்க்கான உணவின் கதை நாயிடமிருந்து தொடங்குகிறது. அமெரிக்காவில் வழிகாட்டி நாயான 'பட்டி' சிறுநீரக நோயால் அவதியுற்றபோது, மார்க் மோரிஸ் என்னும் கால்நடை மருத்துவர் 1939-ஆம் ஆண்டளவில் புரதமும் உப்பும் குறைந்த உணவை வகுத்தார். 1948-இல் அது தகரக் குவளையில் விற்பனைக்கு வந்தது. இன்று பூனைகளுக்கும் அவ்வழியில் உணவு கிடைக்கிறது. அதில் பாஸ்பரசு குறைக்கப்பட்டிருக்கும். விலை உயர்வு என்பதை மறைக்க மாட்டேன். லயன் வீட்டுப் பூனை நெத்திலிக் கருவாடும் சோறும் தின்று வளர்ந்தது. வெள்ளச்சி இன்றும் கருவாட்டு வாசத்திற்கு எழுந்து வருவாள். நாங்கள் கதவைச் சாத்திக்கொள்கிறோம்.

உணவே நஞ்சானதும் உண்டு. 2007-இல் வட அமெரிக்காவில், மெலமின் கலந்த கோதுமைப் புரதம் சேர்த்த உணவைத் தின்ற பூனைகளும் நாய்களும் சிறுநீரகம் செயலிழந்து மடிந்தன. 2004-இல் ஆசிய நாடுகள் சிலவற்றில் நேர்ந்த இதுபோன்ற சாவுகளுக்கும் அதுவே காரணம் என்பது பின்னரே தெளிவாயிற்று.

நம் மலைக்கு மிக நெருக்கமான நஞ்சு ஒன்று உண்டு. லில்லி மலர். இதழ், இலை, மகரந்தம், ஏன், பூச்சாடியிலுள்ள நீர்கூட, பூனையின் சிறுநீரகத்தைச் சில நாள்களில் அழித்துவிடும். மலர்த் தோட்டங்கள் நிறைந்த ஊரில், ஆசிரியர் தினத்தன்று பிள்ளைகள் அன்போடு நீட்டும் மலர்க்கொத்தை நான் இப்பொழுது பள்ளியிலேயே விட்டு வருகிறேன். பூனைக்குக் காய்ச்சல் என்று எண்ணிப் பாரசிட்டமோல் மாத்திரையைப் பொடித்துக் கொடுப்போரும் உளர். அது பூனையைக் கொல்லும். இதைப் பிள்ளைகளிடம் தயவுசெய்து சொல்லி வையுங்கள்.

ஜப்பானில் தோரு மியாசாகி என்னும் ஆய்வாளர் ஏ.ஐ.எம். என்னும் இரத்தப் புரதத்தை ஆராய்ந்து, பூனைகளின் உடலில் அது சிறுநீரகக் கழிவை அகற்றச் சரிவரச் செயற்படுவதில்லை என 2016-இல் வெளியிட்டார். நிதிப் பற்றாக்குறையால் ஆய்வு தேங்கியது என்ற செய்தி 2021-இல் பரவியதும், பூனை வளர்ப்போர் நன்கொடைகளைக் குவித்தனர். வெள்ளச்சியின் காலத்திற்குள் அம்மருந்து வருமென நான் எண்ணிக்கொள்வதில்லை.

எங்கள் வீட்டு முறை இதுதான். ஒரு நாள் விட்டு ஒரு நாள், நூறு மில்லி. அளவு மருத்துவர் சொன்னது; மிகுந்தால் நுரையீரலில் நீர் கோக்கும் என்பதால் நாமாகக் கூட்டக் கூடாது. இம்மலையின் குளிரில் பை சில்லென்றிருக்கும். வெதுவெதுப்பான நீருள்ள பேசினில் முதலில் அமிழ்த்தி, மணிக்கட்டில் ஒரு சொட்டு விட்டுப் பார்ப்பேன். அம்மா மடியில் துண்டை விரித்துப் பூனையை இருத்திக்கொள்வார். தோள்பட்டைகளுக்கு இடையில் தோலைக் கூடாரம்போல் தூக்கி, ஊசியை அடியில் செலுத்தி, குழாயின் சக்கரத்தைத் திறப்பேன். முதல் வாரம் என் கை நடுங்கி ஊசி மறுபக்கம் வெளிவந்து, துண்டும் அம்மாவின் சேலையும் நனைந்தன. இப்பொழுது ஆறு நிமிடம். முடிந்ததும் முதுகில் ஒட்டகத் திமில்போல் ஒரு வீக்கம். காலைக்குள் அது வடிந்துவிடும்.

சென்ற வாரம் அந்த மாணவியின் தாயார் மீண்டும் வந்தார். அம்மாவின் கைகள் வலிப்பதால் அன்று பூனையை யார் பிடிப்பது என்று தடுமாறிக்கொண்டிருந்தேன். அவர் ஒன்றும் பேசாமல் கூடையை வாசலில் வைத்துவிட்டு, கையைக் கழுவிக்கொண்டு, துண்டை எடுத்து மடியில் விரித்தார்.