பல்லும் வயதும்: ஆலைப் பிள்ளைகள் முதல் அகதிப் பிள்ளைகள் வரை

தானமாய் வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கலாகாது என்பர் நம் முன்னோர். பல்லைக் கொண்டு மாட்டின் வயதை அறிவது நம்மிடையே பழைய வழக்கம். மனிதரின் வயதையும் பல்லால் கணிக்கும் முறை எதற்காகத் தோன்றியது என்பதை அகதிகளாகிய நாம் அறிந்திருத்தல் நன்று.

1833ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் தொழிற்சாலைச் சட்டம், 9 வயதுக்குக் குறைந்த பிள்ளைகளைப் பஞ்சாலை முதலியவற்றில் வேலைக்கு அமர்த்துவதைத் தடைசெய்தது. ஆனால் அரசின் பிறப்புப் பதிவு அங்கு 1837இலேயே தொடங்கியது. பிறப்புச் சான்று இல்லாத நிலையில், வைத்தியர்கள் பிள்ளையின் தோற்றத்தையும் உயரத்தையும் பார்த்தே வயதை உறுதிசெய்தனர். வயதைக் கூட்டிச் சொல்லி வேலைக்கு அனுப்புவது எளிதாயிற்று. 1837இல் எட்வின் சாண்டர்ஸ் என்னும் பல் வைத்தியர் ஆயிரத்துக்கு மேற்பட்ட பிள்ளைகளை ஆராய்ந்து, உயரத்தைக் காட்டிலும் பற்களே நம்பத்தக்கவை என நாடாளுமன்றத்துக்கு எடுத்துரைத்தார். ஆலையிலிருந்து குழந்தையைக் காப்பதே அன்றைய நோக்கம்.

1895இல் றொன்ட்ஜன் எக்ஸ் கதிர்களைக் கண்டறிந்தபின், ஈறுக்குள் மறைந்து வளரும் பல்லையும் அதன் வேரையும் காண வழி பிறந்தது. 1973இல் டெமிர்ஜியானும் அவர்தம் குழுவினரும் பிரெஞ்சுக் கனேடியப் பிள்ளைகளின் எக்ஸ்ரேப் படங்களை ஆராய்ந்து, கீழ்த்தாடையின் இடப்புறப் பற்கள் 7இன் வளர்ச்சியை 8 நிலைகளாக வகுத்தனர். பின்னர் பிற நாட்டுப் பிள்ளைகளிடம் அம்முறையைப் பயன்படுத்தியபோது, உண்மையைவிடக் கூடுதலான வயதே பலமுறை விடையாக வந்தது.

அவ்வேழு பற்களும் ஏறத்தாழ 16 வயதில் முற்றிவிடும். அதன்பின் எஞ்சுவது ஞானப்பல் ஒன்றே. சிலருக்கு அதன் வேர் 18க்கு முன்பே முற்றும். சிலருக்கு 20 கடந்தும் முற்றாது. சிலருக்கு அப்பல் தோன்றுவதேயில்லை. ஆயினும் தஞ்சம் கோரும் பிள்ளைக்கு 18 என்ற எல்லையே முக்கியம். அதற்குக் குறைந்தவர் எனில் பாதுகாவலரும் பாடசாலையும் கிடைக்கும். கூடியவர் எனில் வளர்ந்தோருடன் வைக்கப்படலாம். 2017இல் சுவீடனின் சட்ட மருத்துவ நிறுவனம் ஞானப்பல் எக்ஸ்ரேயையும் முழங்கால் படத்தையும் கொண்டு வயது கணிக்கத் தொடங்கியது. பிரித்தானியப் பல் வைத்தியர் சங்கமோ, நோய் எதுவுமில்லாத பிள்ளைக்கு இதற்காக எக்ஸ்ரே எடுப்பது முறையன்று என்றும், அக்கணிப்பு துல்லியமற்றது என்றும் எதிர்த்துள்ளது.

பல் காட்டுவது உடல் முதிர்ந்த அளவை. பிறந்த நாளை அன்று. ஐயம் எஞ்சுமாயின் அதன் பயனைப் பிள்ளைக்கே அளித்தல் வேண்டும் என 2005இல் ஐ.நா. சிறுவர் உரிமைக் குழு வழிகாட்டியது. ஆதலால் பிறப்புச் சான்றிதழ் தொலைந்திருந்தாலும், பாடசாலைத் தேர்ச்சி அறிக்கை, தடுப்பூசி அட்டை, ஞானஸ்நானப் பதிவு, சாதகக் குறிப்பு எதுவாயினும் நாம் பேணி வைப்போமாக. பிள்ளையின் வயதைப் படம் ஒன்று மட்டுமே தீர்மானிக்கும் நிலை அதனால் தவிர்க்கப்படலாம்.